வளவுக்குள் ஒரு ரெனிஸ் தளம்

வீட்டுக்குப் படம் கீறும்போது நாம் எவற்றுக்கெல்லாம் இடம் ஒதுக்குகின்றோம் என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கின்றீர்களா? படுக்கையறை, குசினி, சாமியறை, கிணறு, மலசலகூடம், விறகு அடுக்க ஒரு பத்தி, மோட்டார் சைக்கிள் விட ஒரு தாழ்வாரம் என்று பட்டியல் நீளும். பிள்ளைகள் விளையாடுவதற்கென்று அந்தப் படத்தில் ஒரு கோடு கூட இருக்காது. ஆண் பிள்ளைக்கு அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. அவனுக்கு ஒழுங்கை இருக்கின்றது, கோயில் வீதி இருக்கின்றது, கடற்கரை இருக்கின்றது. பெண் பிள்ளையோ பெரியபிள்ளையானதும் படலைக்கு உள்ளே வந்துவிடுகின்றாள். உள்ளே அவளுடைய வேலைக்கு இடமுண்டு, விளையாட்டுக்கு இல்லை.

நான் சமூகவியல் படித்த நாட்களில் ஒரு வீட்டின் படத்தைப் பார்த்தாலே அந்த வீட்டில் யாருக்கு என்ன உரிமை என்று சொல்லிவிடலாம் என்று கற்றேன். வேலைக்கு வந்து, மீள்குடியேறிய பெண்களின் வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று விளங்கியது. எனவே கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டின் பின்வளவை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, அங்கே பிள்ளைகள் விளையாட ஒரு ரெனிஸ் தளம் போடுவோம் என்று சொன்னேன். அந்தத் தளத்தைத் திட்டமிட்ட கதையையும், கட்டிய கதையையும், அதனால் நேர்ந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஏன் ரெனிஸ்?

இந்த யோசனைக்குக் காரணம் என் தங்கையின் மகள். என் பெறாமகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய வகுப்பில் சில பிள்ளைகள் காசு கட்டி வெளியில் ரெனிஸ் பழகினார்கள். பழக்குபவருக்குக் கட்டணம், றக்கெற், சப்பாத்து, போக்குவரத்து எல்லாம் சேர்ந்தால் தங்கையின் தையல் வருமானத்தில் பாதி போய்விடும். "பெரியம்மா, எங்கட வளவில விளையாட ஏலாதோ?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். சின்னப் பிள்ளையின் கேள்விதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சரியான கேள்வி.

ரெனிஸ் தொடக்கத்தில் வீட்டுத் தோட்டத்து விளையாட்டு. 1874ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விங்ஃபீல்ட் என்ற இராணுவ அதிகாரி அதற்குக் காப்புரிமை பெற்று, வலையும் பந்தும் மட்டையும் அடங்கிய பெட்டிகளை விற்றார். வசதியுள்ளவர்கள் தமது புற்றரைகளில் கோடு போட்டு விளையாடினார்கள். வீட்டு வளவுக்குள் நடந்த விளையாட்டு என்பதால் அந்த வீட்டுப் பெண்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். விம்பிள்டன் போட்டி 1877இல் ஆண்களுக்காகத் தொடங்கியது. ஏழே வருடங்களில், 1884இல், பெண்களுக்கும் போட்டி வைக்கப்பட்டது. வளவுக்குள் பழகக் கிடைத்ததே அந்தப் பெண்களுக்கு வாசலாக அமைந்தது.

இலங்கைக்கு இந்த விளையாட்டு வெள்ளைக்காரருடன் வந்தது. மலையகத்துத் துரைமாரின் பங்களாக்கள் பலவற்றில் ரெனிஸ் தளங்கள் இருந்தன. எங்கள் தளத்தைக் கட்டிய மேசன் பாஸின் தாத்தா அப்படி ஒரு பங்களாவில் வேலை செய்தவர். "எங்க தாத்தா தொரை வூட்டு கோர்ட்டுக்கு ரோலர் இழுத்தவரு மிஸ். ஒரு நாளும் மட்டைய தொட்டதில்ல" என்றார் பாஸ். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியாகத்தான் சொன்னார்.

தமிழ்நாட்டில் வீட்டுத் தளம் ஒன்றிலிருந்து உலகத் தரத்துக்குப் போன குடும்பம் ஒன்று உண்டு. டி.கே.ராமநாதன் தன் மகன் ராமநாதன் கிருஷ்ணனைப் பழக்கினார். கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, 1960இலும் 1961இலும் அங்கே அரையிறுதி வரை போனார். பிறகு சென்னையில் வீட்டோடு இருந்த தளத்தில் பேரன் ரமேஷும் பாட்டனாரிடம் பழகி, 1979இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார். கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதனைத் தந்தை பழக்கினார். 1998இல் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியின் பிரதான சுற்றில் அவர் ஓர் ஆட்டத்தை வென்றார். வீட்டில் ஒருவர் மனம் வைத்தால் பெண் பிள்ளைக்கும் வழி திறக்கும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

அளந்து பார்த்தபோது

ஆசை ஒருபுறம், அளவு நாடா மறுபுறம். முழு ரெனிஸ் தளத்தின் கோடுகள் மட்டும் 78 அடி நீளம், 36 அடி அகலம். பந்தைத் துரத்தி ஓடச் சுற்றிவர இடம் விட்டால் 120 அடிக்கு 60 அடி வேண்டும். அது 7,200 சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி என்றபடியால் ஏறத்தாழ 26½ பேர்ச்சஸ் வருகின்றது. எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டரைப் பரப்புக்கும் மேல். வெள்ளவத்தையில் அந்த அளவு காணி இருந்தால் அதில் மாடிக்கு மேல் மாடியாக எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு கட்டி விற்றுவிடுவார்கள். எங்கள் பின்வளவோ 52 அடிக்கு 30 அடி. ஆறு பேர்ச்சஸ் கூட இல்லை.

அத்துடன் கைவிட்டிருப்போம். ஆனால் சிறுவர்களுக்கென்று சர்வதேச ரெனிஸ் சம்மேளனம் சிறிய தளங்களை ஏற்றுக்கொண்டிருப்பது தேடிப் பார்த்தபோது தெரியவந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளின் தளம் 36 அடி நீளமும் 18 அடி அகலமும் இருந்தால் போதும். அதாவது முழுத் தளத்தின் அகலமே இதன் நீளம். வலையின் உயரம் இரண்டே முக்கால் அடிக்கும் குறைவு. பந்தும் சாதாரண பந்தை விட மெதுவாகப் போகும் மென்மையான சிவப்புப் பந்து. 2012ஆம் ஆண்டு முதல் பத்து வயதுக்குட்பட்டவர்களின் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பாவிக்கக் கூடாது என்பது விதியாகவே ஆகிவிட்டது. இந்த அளவு எங்கள் வளவுக்குள் வசதியாக அடங்கியது.

சிறிய இடத்தில் பழகினால் உருப்படுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லலாம். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் வளர்ந்த அல்தியா கிப்சன், பிள்ளைகள் விளையாடுவதற்காக வாகனங்களை மறித்து விடப்பட்ட ஒரு தெருவில், சிறிய தளத்தில் கட்டை மட்டையால் ஆடப்படும் ஒருவகை ரெனிஸைத்தான் முதலில் பழகினார். 1957இலும் 1958இலும் விம்பிள்டன் கிண்ணத்தை வென்றார்.

மற்றவர் சேர்பியாவின் அனா இவானோவிச். 1999இல் பெல்கிறேட் நகரில் குண்டு விழுந்த நாட்களில் அவருக்குப் பதினொரு வயது. குண்டுவீச்சு நேரங்களைத் தவிர்த்து அதிகாலையில் பயிற்சிக்குப் போய்வந்தார். குளிர்காலத்தில் நீர் இறைத்த நீச்சல் தடாகம் ஒன்றுக்குள் விரிப்புப் போட்டுத் தளம் அமைத்திருந்தார்கள். சுவர் மிக அருகில் இருந்தபடியால் பந்தைக் குறுக்கே அடிக்க முடியாது. நேராக அடிக்கத்தான் முடியும். 2008இல் அவர் பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியை வென்றார். குண்டுச் சத்தத்துக்கு இடையில் படித்துப் பரீட்சை எழுதிய எமக்கு அந்தப் பிள்ளையின் அதிகாலைகள் நன்றாக விளங்கும்.

வீட்டில் எழுந்த கேள்விகள்

மாமாவின் எதிர்ப்பு நியாயமானது. "பிள்ளை, கொழும்பில வாகனம் விட ஒரு இடம் என்ன வாடகைக்குப் போகுது எண்டு தெரியுமே? ஆறு கார் விடலாம். அந்தக் காசில அவளின்ர ரியூசன் முழுக்கக் கட்டலாம்" என்றார். அவர் சொன்ன கணக்கில் பிழையில்லை. கணவனை இழந்து ஒற்றை வருமானத்தில் பிள்ளை வளர்க்கும் என் தங்கைக்கு அது சிறிய தொகையும் அல்ல. இரண்டு இரவுகள் அவள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "காசு எப்பிடியும் முடிஞ்சு போகும் அக்கா. இவள் சின்னப்பிள்ளையா இருக்கிறதும் முடிஞ்சு போகும்" என்றாள். ஆறு மாதம் பார்ப்போம், யாரும் விளையாடாவிட்டால் காருக்கு விட்டுவிடுவோம் என்று மாமாவுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்.

இன்னொரு கேள்வி முன்னறையில் தையல் வகுப்புக்கு வரும் பெண்களிடமிருந்து வந்தது. அவர்களில் மூத்த அக்கா ஒருவர், "போ எண்டால் போக வேண்டிய ஊரில பிள்ளையள் சீமெந்து கொட்டப் போறியளோ?" என்று கேட்டார். அவர் காரணத்தோடுதான் கேட்டார். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த பஸ்களில் ஒன்றில் இந்த அக்காவும் இருந்தார். கையில் ஒரு பையும் மருந்துத் துண்டும் மட்டும்.

எங்களில் பலருக்கு இடம்பெயர்வு முடிந்த பிறகும் மனம் பையைக் கட்டியபடியே இருக்கின்றது. நல்ல பாத்திரம் வாங்க மாட்டோம், மரம் நட மாட்டோம், சுவருக்கு நிறம் பூச மாட்டோம். ஆனால் பிள்ளைகள் அப்படிக் காத்திருக்க முடியாது. இந்த ஊரில் எத்தனை வருடம் இருப்போம் என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் விளையாட வேண்டும் என்றால், அதற்குள் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. வேலை தொடங்கிய அன்று மண்வெட்டியோடு வந்து நின்றார்.

கட்டிய விதம்

கட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகின்றேன். உங்களில் யாருக்காவது பயன்படலாம்.

முதலாவது, திசை. தளத்தின் நீளம் வடக்குத் தெற்காக அமைய வேண்டும் என்பார்கள். அப்படியானால் காலை மாலை வெயில் ஆடுபவரின் கண்ணில் அடிக்காது. எங்கள் வளவு கிழக்கு மேற்காக நீண்டது, வேறு வழியில்லை. ஆனால் மேற்குப் பக்கத்து நான்கு மாடிக் கட்டடம் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வளவு முழுவதையும் நிழலாக்கிவிடுகின்றது. உடுப்புக் காயவில்லை என்று அம்மா அதுவரை திட்டித் தீர்த்த கட்டடம் அது.

இரண்டாவது, தண்ணீர். கொழும்பு மழைக்குத் தண்ணீர் தேங்காமல் ஓடாவிட்டால் எந்தத் தளமும் நிலைக்காது. பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், ஒரே பக்கமாகச் சரிவு வைக்க வேண்டும். நடுவில் மேடாகவோ பள்ளமாகவோ இருக்கக் கூடாது. எங்கள் 28 அடி அகலத்துக்கு மூன்று அங்குலம் வரை சரிவு வந்தது. சரியும் பக்கத்தில் காண் வெட்டினோம்.

மூன்றாவது, தரை. மேல்மண்ணை அள்ளி, கல் பரவி, இறுக்கி, கம்பிவலை வைத்து நான்கு அங்குலம் கொங்கிறீற் போட்டோம். 50 அடிக்கு 28 அடி என்றால் ஏறத்தாழ 4¾ கியூப் கொங்கிறீற் பிடித்தது. வெடிக்காமலிருக்க இடையிடையே இடைவெளி விட்டார் பாஸ். மினுக்கமாகப் பூசினால் வழுக்கும். ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொன்னார். ஒரு கிழமைக்குக் குறையாமல் தரை ஈரமாக இருக்க வேண்டும். தையல் வகுப்புப் பெண்கள் முறை வைத்துச் சாக்கு நனைத்துப் போட்டார்கள். மூலையில் நின்ற முருங்கையை வெட்டியபோது அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு தடியை முன்பக்கத்தில் நட்டு, அது துளிர்த்த பிறகுதான் சமாதானமானார்.

நான்காவது, கோடு. மூலை சரியாக இருக்கின்றதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. 36 அடிக்கு 18 அடி என்றால் மூலைக்கு மூலை 40 அடி 3 அங்குலம் வர வேண்டும். இரண்டு பக்கமும் அதே அளவு வந்தால் மூலைகள் சரி. கணக்கைப் பெறாமகளே செய்து, கயிற்றைப் பிடித்தாள். கோட்டின் அகலம் இரண்டு அங்குலம்.

வலையை மட்டும் நாங்கள் விலைக்கு வாங்கவில்லை. வகுப்பில் முல்லைத்தீவுக் கடற்கரையைச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் இருக்கின்றார். சிறு வயதிலிருந்தே வலை பொத்தியவர். முகத்துவாரத்திலிருந்து பழைய மீன்பிடி வலை வாங்கி வந்து, பந்து புகாத அளவுக்குக் கண்ணை நெருக்கி முடிந்தார். மேல் விளிம்புக்கு வெள்ளைத் துணிப்பட்டியை மற்றவர்கள் தைத்தார்கள். மிஞ்சிய வலை மதிலுக்கு மேல் ஏறியது. அயல் வீட்டுக்குப் பந்து போகாமலிருக்க. வலைக் கம்பங்களைக் கழற்றக் கூடியவாறு குழாய்க்குள் இறக்கினோம். மற்ற நேரங்களில் அதே இடத்தில் உடுப்புக் காயப்போடலாம் என்பதால் அம்மாவும் உடன்பட்டார்.

விளையாட வந்தவர்கள்

சிறுவர்களுக்கென்று போட்ட தளத்துக்கு முதல் கிழமையிலேயே பெரியவர்கள் வந்துவிட்டார்கள். தையல் முடிந்து வீடு போக வேண்டியவர்கள் அரை மணித்தியாலம் நின்றார்கள். முதலில் பார்த்தார்கள். பிறகு பந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். பிறகு ஒருவர் தாவணியை இடுப்பில் கட்டிக்கொண்டு மட்டையை வாங்கினார். பாடசாலையில் வலைப்பந்து ஆடியவர் அவர். திருமணத்துக்குப் பிறகு பதினெட்டு வருடங்களாக ஓடவேயில்லை என்றார்.

2009இல் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒரு சகோதரி எப்போதும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சக்கர நாற்காலி ரெனிஸில் பந்து இரண்டு தரம் நிலத்தில் பட்டு எழலாம் என்பது விதி. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த விளையாட்டு, 1992 பார்சிலோனாவில் பராலிம்பிக் பதக்கப் போட்டியாயிற்று. இலங்கையிலும் அது ஆடப்படுகின்றது. போரில் காயமடைந்த படைவீரர் பலர் அதில் பங்குபற்றியிருக்கிறார்கள். காயமடைந்த எங்கள் பெண்களை அப்படியான தளங்களில் காண்பது அரிது. அந்த விதியை அவரிடம் சொன்னேன். செயற்கைக் காலுடனேயே எழுந்து வந்தார். "எனக்கு ரெண்டு குத்து, உங்களுக்கு ஒண்டு" என்று எல்லோருக்கும் அவரே அறிவித்தார். இப்போது அவரிடம் தோற்பவர்கள்தான் அந்தச் சலுகை கூடாது என்கின்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதை வேறு. பெரியபிள்ளையானதும் பாடசாலை வலைப்பந்து அணியிலிருந்து தாய் அவளை நிறுத்திவிட்டார். மைதானத்தில் எல்லோரும் பார்ப்பார்கள், வெயிலில் கறுத்துப்போவாள் என்பது காரணம். எங்கள் தளம் மதிலுக்குள் இருந்தபடியால் மட்டும் அனுப்பினார்; தானும் கூடவே வந்து இருந்தார். எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. பெண் பிள்ளைகளை உள்ளே வைத்திருக்க நாங்களும் ஒரு நல்ல மதிலைக் கட்டிவிட்டோமோ? ஆனால் அந்தத் தாய் மாதக்கணக்கில் அங்கிருந்து தன் மகளைப் பார்த்தார். அதற்கு முன் அவள் விளையாடி அவர் பார்த்ததேயில்லை. அவள் விழுந்து எழும்புவதையும், தோற்றபின் சிரிப்பதையும், நன்றாக நித்திரை கொள்வதையும் கண்டார். அடுத்த தவணையில் அவளை மீண்டும் வலைப்பந்து அணிக்கு அனுப்பினார்.

புன்னாலைக்கட்டுவனிலிருந்து போய், 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தை நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகின்றோம். அவரைப் போன்ற ஒரு பிள்ளையை மைதானத்துக்கு விட முதலில் ஒரு வீட்டின் மனம் இளக வேண்டும். வளவுக்குள் இருக்கும் தளம் அதற்கு உதவும் என்பதே எங்கள் அனுபவம்.

ஆறு மாதத் தவணை முடிந்தபோது மாமா காரைப் பற்றிப் பேசவில்லை. பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, பதினைந்து, முப்பது, நாற்பது என்று புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். ஆயினும் செலவில்லாமல் இது நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வாடகைக் காசு இல்லாதபடியால் தங்கை சனிக்கிழமைகளிலும் தையல் எடுக்கின்றாள். ரியூசனில் ஒரு பாடத்தை நிறுத்தி, வீட்டில் நான் சொல்லிக் கொடுக்கின்றேன். பெறாமகள் பெரிய வீராங்கனை ஆவாளா என்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்குச் சொந்தமாக ஓர் இடம் இந்த வீட்டில் இருக்கின்றது. அவள் பெரியபிள்ளையான பிறகும் அது அவளுக்கு இருக்கும் என்று இப்போதே வீட்டில் பேசி வைத்துவிட்டோம்.

உங்கள் வளவில்

கொழும்பில் எங்களுக்கு இல்லாத ஒன்று வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உங்களில் பலரிடம் உண்டு. அது நிலம். கால் ஏக்கர் காணி என்றால் நான்கு பரப்பு. அதன் ஒரு மூலையில் 50 அடிக்கு 28 அடி ஒதுக்குவது பெரிய காரியமல்ல. கொங்கிறீற் கூடத் தேவையில்லை. புற்றுமண்ணை இடித்து அரித்து, தண்ணீர் தெளித்து, உருளையால் இறுக்கினால் நல்ல மண் தளம் கிடைக்கும். சரிவு பார்த்து முற்றம் கட்டுவதும், சாணம் தெளித்து மெழுகுவதும் எங்கள் பெண்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. வலைக்குப் பதில் ஒரு கயிறும் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியில் மண்வெட்டி வைக்க வேண்டாம்.

முன்பு வளவில் நாங்கள் பங்கர் வெட்டியபோது எங்கே வெட்டுவது, எத்தனை பேர் இருக்கலாம் என்று அளந்து வெட்டினோம். பிள்ளைகளின் உயிரைக் காக்க அன்று ஒரு மூலையை ஒதுக்கிய எங்களுக்கு, அவர்கள் ஓடி விளையாட ஒரு மூலையை ஒதுக்கவும் முடியும். வீட்டுத் திட்டத்துக்கு உங்களிடம் படம் காட்ட வருவார்கள். கிணறு எங்கே, குசினி எங்கே என்று கேட்பார்கள். அப்போது பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் நீங்களே கீறிக் கொடுங்கள் சகோதரிகளே. கோடு போட்டு வைத்துவிட்டால், பிறகு யாரும் அதை இலேசில் அழிக்க மாட்டார்கள்.